கை நனைத்த வெள்ளிக்கிழமை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று முன்னே வருவதும் பின்னே போவதுமாகப் பெட்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தது. சித்திரை வெயில். ரிக்‌ஷாவின் கூரைக்குள் சொக்கம்மாள் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு செம்பு நல்லெண்ணெய். பிள்ளை பெற்றிருந்த உறவுக்காரி ஒருத்திக்கு அவளுடைய மாமியார் கொடுத்தனுப்பியது.

"யம்மா, இது தொறக்க இன்னும் அர அவரு ஆவும்," என்றான் ரிக்‌ஷாக்காரன் திருமலை, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி. "அதோ, விறகுத் தொட்டி செவுரோரம் ஒரு அக்கா ஐஸ் சீவிகினு கீது பாரு. புதுசா போட்ட கட. நீ ராயபுரத்துப் பங்களாவுல இன்னா சோடா குடிச்சிருந்தாலும் அது மாரி வராது."

"எங்க வீடு பங்களா இல்ல, திருமலை. கருப்பட்டி மண்டி."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. ரெண்டுலயும் என்ன உள்ள வுட மாட்டாங்க."

சொக்கம்மாள் சிரித்துக்கொண்டே இறங்கினாள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்தப் பட்டணத்தில் தெருவில் நின்று ஒரு வாய் எதையும் தின்றதில்லை. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியமே பாதி தாகத்தைத் தீர்த்துவிட்டது.

கடை என்று சொல்ல அங்கே நாலு மூங்கில் கால்களும் மேலே ஒரு கோணிப் படுதாவும் ஒரு பலகையும்தான் இருந்தன. பலகையில் தச்சனின் இழைப்புளி ஒன்றை மல்லாக்கப் பதித்திருந்தார்கள். கடைக்காரி மரத்தூள் ஒட்டிய ஐஸ் பாளத்தைக் கழுவி, இழைப்புளியின் வாயில் வைத்து முன்னும் பின்னும் தள்ளினாள். அடியில் இருந்த தட்டில் அது பஞ்சாக உதிர்ந்தது. அவள் வயிறு பலகையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க இரண்டடி தள்ளி நின்று, குனிந்து சீவினாள். ஐந்து மாதம் முடிந்திருக்கும்.

"செவப்பா, பச்சையா, நன்னாரியா?" என்று கேட்டவள், சொக்கம்மாளின் காதுக் கம்மலைப் பார்த்துவிட்டு, "ஊர்க்காரவங்களுக்குக் கருப்பட்டிப் பாகும் கீது," என்றாள்.

சொக்கம்மாள் கருப்பட்டியே கேட்டாள். முதல் வாய் பல்லைக் கூசவைத்தது. இரண்டாம் வாயில் சுக்கும் ஏலமும் தெரிந்தன. அதற்குப் பின்னால், நாக்கின் ஓரத்தில், சுட்ட நார்த்தங்காய்த் தோலின் ஒரு கசப்பு. கருப்பட்டிப் பாகில் நார்த்தந்தோலைச் சுட்டுப் போடுகிற ஒரே ஒருத்தியைத்தான் அவளுக்குத் தெரியும். அவளுடைய மாமியார் ஆவுடையம்மாள்.

நிமிர்ந்து பார்த்தாள். அகலமான நெற்றி. இடது புருவத்தை நடுவில் வெட்டியிருக்கும் ஒரு வடு. இந்த முகத்துக்குத்தான் வெள்ளிக்கிழமைதோறும் அவள் தன் கையால் சந்தனப் பொட்டு வைக்கிறாள். கூடத்தில், மாமனார் படத்துக்குப் பக்கத்தில், மாலை போட்டு மாட்டியிருக்கும் படம். அம்மை போட்டு இறந்துபோன நாத்தனார் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, உங்க பேரு பூமாரியா?"

இழைப்புளிமேல் போய்க்கொண்டிருந்த கை நின்றது. "நீ யாரு?"

"ராயபுரம் மண்டி... ராசையா வீட்டுல..."

"அண்ணன் பொண்டாட்டியா? மதினியா நீ?" ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் சொக்கம்மாளின் கன்னத்தைத் தொட்டாள். விரல்கள் ஐஸாக இருந்தன. "கண்ணாலம் ஆச்சுன்னு கேள்விப்பட்டேன். அண்ணனுக்கு மண்டைல முடி கீதா, போச்சா? அம்மாக்கு முட்டி வலி எப்படி கீது?"

சொக்கம்மாள் அந்த வடுவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா பாக்குற? படத்துக்கு மால போட்டு மாட்டிகிறாங்களே, அதானே? எனக்குத் தெரியும். தாவணியோட எடுத்ததா? ஐயோ, அதுல என் மூக்கு நல்லாவே வந்திருக்காது." பூமாரி சிரித்தாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் மண்டிக்கு மூட்டை இறக்க வந்த ஜெயவேலைக் கட்டிக்கொண்டு போனவள் அவள். வியாசர்பாடிக்காரன், வேறு சாதி, வீட்டில் புத்தர் படம் வைத்துக் கும்பிடுகிற குடும்பம். இப்போது மில்லில் வேலை. பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே ராயபுரத்து வீட்டில் எல்லோரும் தலை முழுகிவிட்டுப் படத்துக்கு மாலை போட்டார்கள். அவள் உயிரோடிருப்பது உறவின்முறைச் சனத்தில் எல்லோருக்கும் தெரியும். மாலை விழுந்த பிறகு யாரும் கேட்பதில்லை.

"அவரு நல்ல மனுசன் மதினி. ஒரு கொறயும் இல்ல. ஆனா இது தலச்சன். அவரோட அண்ணி பிரசவத்துல போயிட்டாங்க. மாமியாவும் இல்ல. அந்த வூட்டுல கர்ப்பம்னா இன்னான்னு தெரிஞ்ச பொம்பள ஒருத்தி கெடையாது. ஆஸ்பத்திரி கீதுன்றாரு. எனக்கு பயம்மா கீது." குரல் தாழ்ந்தது. "ஏழாம் மாசம் அம்மா வந்து கூட்டினு போவணும். அம்மா கையாலதான் புள்ள பொறக்கணும். வேற ஒண்ணும் வேணாம். வெள்ளிக்கெழம நம்ம சனம் பூரா இந்தக் கேட்டத் தாண்டித்தான் அம்மன் கோயிலுக்குப் போவும். அம்மாவும் ரிக்‌ஷாவுல படுதா போட்டுகினு போவும். என்னிக்காச்சும் கேட்டு மூடும், படுதா தூக்கும்னுதான் இங்க கட போட்டேன். இருவது நாளு ஆச்சு. இன்னும் தூக்கல."

மறுநாள் காலை ராசையா மண்டிக்குப் புறப்படச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது சொக்கம்மாள் பொத்தானைப் போட்டுவிடும் சாக்கில் அருகே போனாள்.

"நேத்து ஐஸ் தின்னேன்."

"சளி பிடிக்குமே," என்றான் அவன், அவள் மூக்கைப் பிடித்து ஆட்டி. "சொன்னா நான் வாங்கிட்டு வந்து தரமாட்டேனா?"

"சீவிக் குடுத்தது பூமாரி."

அவன் விரல்கள் அவள் மூக்கிலிருந்து இறங்கின. பிறகு, "புருவத்துல வடு இருக்கா?" என்றான். "நான் எறிஞ்ச பம்பரம். ஒரு பொட்டு அழலை, தெரியுமா? அம்மா என்னை அடிப்பாங்கன்னு விழுந்துட்டேன்னு சொன்னா."

"மாசமா இருக்கா. போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"போகலாம். ஒரு நாள் போகலாம்." கடைசிப் பொத்தானை அவனே போட்டுக்கொண்டான். "அம்மாகிட்ட மட்டும் மூச்சு விட்றாத."

அவன் போனபின் சொக்கம்மாள் யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. அவர்கள் பக்கத்தில் பகையான வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. அந்த வீட்டுச் சோற்றை ஒரு வாய் தின்று கை நனைத்துவிட்டால் பகை முடிந்தது. பஞ்சாயத்து வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். அவளுடைய அப்பாவும் தாய்மாமனும் எட்டு வருஷம் முகம் பார்க்காமல் இருந்து, ஒரு துக்க வீட்டில் ஒரு கவளம் தயிர்ச் சோற்றில் சேர்ந்துகொண்டவர்கள். பூமாரியின் கையால் அத்தை ஒரு வாய் தின்றால் போதும்.

அத்தை கல்நெஞ்சுக்காரி என்று அவளால் நினைக்க முடியவில்லை. தினமும் சாயங்காலம் மருமகளை முன்னால் உட்காரவைத்துச் சிக்கெடுத்துத் தலை பின்னிவிடுகிற மாமியார் ராயபுரத்தில் வேறு யாருக்கு இருந்தாள்?

வெள்ளிக்கிழமை இருவரும் ஒரே ரிக்‌ஷாவில் போனார்கள். சொக்கம்மாள் சொல்லி வைத்தபடி திருமலை, மூடுகிற கேட்டுக்குச் சரியாக வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

"அத்தை, புழுக்கம் தாங்கல. ஒரு ஐஸ் தின்னுட்டுப் போவமா?"

படுதாவை ஆவுடையம்மாளே தூக்கினாள். கடையைப் பார்த்தாள். கடைக்காரியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப்போய்ப் பலகையின் முன் நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு குடு," என்றாள்.

பூமாரி சீவியபோது ஐஸ் இழைப்புளியிலிருந்து இரண்டு தரம் வழுக்கியது. எதுவும் கேட்காமல் கருப்பட்டிப் பாகை ஊற்றினாள். ஆவுடையம்மாள் நிதானமாகத் தின்றாள். அடியில் கரைந்து நின்றதையும் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நார்த்தந்தோலு கொஞ்சம் கருகிட்டு," என்றாள்.

ஐஸ் கேட்டதை விட்டால், நான்கு வருஷத்தில் மகளிடம் சொன்ன முதல் பேச்சு. பூமாரி வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். "அடுத்த வாட்டி பாத்துச் சுடறேம்மா."

ஆவுடையம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து அரையணாவை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். "காசு இன்னாத்துக்கும்மா, வேணாம்மா," என்று பூமாரி சொல்லி முடிப்பதற்குள் ரிக்‌ஷாவில் ஏறிவிட்டாள். சொக்கம்மாள் திரும்பிப் பார்த்தபோது பூமாரி டம்ளரைக் கழுவாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கை நனைத்தாயிற்று. இருவருக்கும் ஒரே நேரத்தில் அதே வார்த்தைதான் மனத்தில் ஓடியது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் போனார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும். ஆவுடையம்மாள் ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் தின்றாள், ஒன்றிரண்டு கேள்வி கேட்டாள். "இது எத்தனாவது மாசம்?" "எங்கன குடியிருக்க?" மூன்றாம் வாரம், "இந்த எடம் யாருது?"

"விறகுத் தொட்டி தவசிமுத்து ஐயாவுதும்மா. நம்ம உறவின்முறதான். செவுரோரம் போட்டுக்கன்னாரு."

ஆவுடையம்மாள் தலையசைத்தாள்.

அன்று மாமியார் கோயில் வாசலில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது சொக்கம்மாள் தேங்காய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடிவந்தாள். பூமாரி பழைய வேட்டிகளை வெந்நீரில் அலசி, குழந்தைக்கென்று கிழித்து மடித்து வைத்திருந்தாள்.

"மதினி, பாத்தியா? கேள்வி கேக்குது அம்மா. எங்க குடியிருக்கன்னு இன்னாத்துக்குக் கேக்கணும், கூட்டினு போறதுக்குத்தானே? ஏழாம் மாசம் ஆனி ஒண்ணாந்தேதி பொறக்குது. உனக்குத்தான் வேல. நடுராத்திரி புள்ள அழும், நீதான் தூக்கணும். நான் தூங்குவேன், சொல்லிட்டேன்."

"நான் பாட்டுப் பாட மாட்டேன்."

"நீ பாடினா அது இன்னும் அழும்."

நான்காம் வெள்ளிக்கிழமை ஆவுடையம்மாள் முட்டி வலி என்று கோயிலுக்கு வரவில்லை. சொக்கம்மாள் தனியாகப் போனாள். விறகுத் தொட்டிச் சுவர் ஓரத்தில் மூங்கில் நட்ட நாலு குழிகள் இருந்தன. கொஞ்சம் மரத்தூள் இருந்தது.

"நேத்து தவசிமுத்து ஐயா ஆளுங்க வந்து பிரிச்சுப் போட்டுட்டாங்கம்மா," என்றான் திருமலை. அன்று அவன் கேலி பேசவில்லை. "இழைப்புளிய ஒடச்சாங்க. ஐஸ் பாளத்தத் தூக்கித் தண்டவாளத்துல கடாசினாங்க. அந்தக்கா அது கரையற மட்டும் பாத்துகினே நின்னுச்சு. அப்பால என்னியக் கூப்ட்டு, மதினிகிட்ட சொல்லு, அம்மாக்குத் தெரிஞ்சா தவசிமுத்துவ சும்மா வுட மாட்டாங்கன்னுச்சு."

சாயங்காலம் ஆவுடையம்மாள் சீப்போடு உட்கார்ந்தாள். சொக்கம்மாள் அவள் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்து, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாந்தாம்ளா தவசிமுத்துகிட்டச் சொன்னேன்," என்றாள் ஆவுடையம்மாள். சீப்பு நிற்கவில்லை.

சொக்கம்மாள் திரும்ப முயன்றாள். மாமியாரின் கை அவள் தலையைப் பிடித்து நேராக வைத்தது.

"ஆடாத. வகிடு கோணிரும்."

"நீங்க கை நனைச்சீங்களே அத்தை! அவ கையால வாங்கித் தின்னீங்களே!"

"காசு குடுத்துல்லா தின்னேன். காசு குடுத்துத் தின்னா அது கடை. கடையில தின்னவன் எல்லாம் உறவாயிருவானா? மொத நாளே அரையணா எடுத்து வச்சேனே, நீ பாக்கலியா? எட்டாங்கிளாசு படிச்சவதான நீ?"

"பின்ன எதுக்கு மூணு வாரம் வந்தீங்க?"

ஆவுடையம்மாள் முடியை மூன்றாகப் பிரித்தாள். "நீ கூட்டிட்டுப் போன. என்ன ஏதுன்னு வெவரம் தெரியண்டாமா? அவ மூஞ்சி என் மூஞ்சிளா. அப்படியே உரிச்சு வச்ச மாதிரி. நம்ம சனம் கோயிலுக்குப் போற வழியில என் மூஞ்சிய வச்சுக்கிட்டு, வயித்தையும் தள்ளிக்கிட்டு, போறவன் வாறவனுக்கெல்லாம் ஐஸ் சீவிக் குடுக்கா. எத்தனை பேரு அந்தப் பலகையில நின்னு என்னையப் பாத்துச் சிரிச்சிருப்பான்?" பின்னலை இறுக்கினாள். சொக்கம்மாளின் கண்ணில் நீர் வந்தது. "பாகு நல்லாத்தான் காச்சுதா. அதையும் சொல்லணும்லா."

"அவளுக்குப் பிரசவ பயம் அத்தை. நீங்க மட்டும் போதும்னு..."

"செத்தவளுக்கு யாரும் பிரசவம் பாக்க மாட்டாங்க. சுவத்துல இன்னொரு ஆணி அடிக்க எடம் கெடக்கு, பாத்துக்கோ. எம் மவனுக்கு வேற பொண்ணு கெடைக்காமப் போயிராது." நாடாவை முடிந்தாள். "திரும்பு. பூ வச்சு விடுதேன்."

சொக்கம்மாள் திரும்பினாள். பூ வைத்துக்கொண்டாள்.

ஆனாலும் அவள் இரண்டு நாள் கழித்து வியாசர்பாடிக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிட்டால் பூமாரி காத்திருப்பதை நிறுத்துவாள், ஆஸ்பத்திரிக்குப் போவாள். அதற்காகத்தான் போனாள். ஒற்றை அறை வீடு. ஜெயவேல் மில்லுக்குப் போயிருந்தான். பூமாரி அவளைப் பாயில் உட்காரவைத்து, ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கிவந்து காப்பி போட்டாள். சொக்கம்மாள் அதைக் குடித்து முடித்தபின் சொன்னாள். அரையணாவைப் பற்றிச் சொன்னாள். முகத்தைப் பற்றிச் சொன்னாள். ஆணியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

முடிந்ததும் பூமாரி, "அம்மா அப்படிச் சொல்லாது," என்றாள்.

"என் காதால கேட்டேன், பூமாரி."

"கேட்டிருப்ப. நீ இன்னா கேட்டியோ, எப்படிக் கேட்டியோ." காலி டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தாள். "நான் வந்தா உனக்கு எடம் போயிரும்னு பயந்துகினியா?"

"என்ன பேசற நீ?"

"நீ வந்தவ. நான் வயித்துல பொறந்தவ. அம்மா மூணு வாட்டி வந்து என் கையால துன்னுச்சு. அதப் பாத்ததும் உனக்கு வயிறு எரிஞ்சிடுச்சு. தவசிமுத்துகிட்ட சொன்னது நீதான் போல. யாரு கண்டா?"

"உன்னை அவங்ககிட்டக் கூட்டிட்டு வந்ததே நான்தான்!"

"ஆமா. அப்ப நீ இன்னும் நல்லவளா இருந்த. போ மதினி. எனக்கு மூச்சு வாங்குது. போ."

ரிக்‌ஷாவில் சொக்கம்மாள் வழி முழுக்க அழுதாள். கேட்டைத் தாண்டும்போது அழுகை நின்று கோபம் வந்தது. நன்றிகெட்டவள் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் குறைந்தது. அதனால் ராயபுரம் வரும்வரை அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஆனி பிறந்து ஐந்தாம் நாள், காலை எட்டு மணி இருக்கும். ராசையா இட்லி தின்றுகொண்டிருந்தான். ஆவுடையம்மாள் அடுக்களை வாசலில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். சொக்கம்மாள் போய்த் திறந்தாள்.

பூமாரி நின்றிருந்தாள். சலவைப் புடவை. இரண்டு கையிலும் முழங்கை வரை புதுக் கண்ணாடி வளையல்கள். அவளே வாங்கி அவளே அடுக்கிக்கொண்டவை. இடுப்பில் ஒரு துணி மூட்டை. அதன் முடிச்சில் கிழித்து மடித்த பழைய வேட்டியின் நுனி தெரிந்தது. வியாசர்பாடியிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும். கால்கள் வீங்கியிருந்தன.

"மதினி, அன்னிக்குப் பேசினத மனசுல வச்சுக்காத," என்றாள் மெதுவாக. "மாசம் பொறந்து அஞ்சு நாளாச்சு. முட்டி வலியில அம்மாவால அவ்ளோ தூரம் வர முடியாது இல்ல? அதான் நானே வந்துட்டேன்."

உள்ளே முறத்தின் சத்தம் நிற்கவில்லை.

"யாருளா அது?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள். கொல்லைக் கதவு அவளுக்கு நேர் எதிரே இருந்தது. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஐஸ்காரியா? இன்னைக்கு ஐஸ் வேண்டாம்னு சொல்லிரு."

ராசையாவின் வாயில் இட்லி இருந்தது. அவன் அதை விழுங்கினான். மீதி இட்லியோடு இலையை மடித்தான். கையைக் கழுவிக்கொண்டு, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டியபடி, முன்வாசல் வழியாக மண்டிக்குப் போய்விட்டான். பொத்தான் போடக்கூட நிற்கவில்லை. அந்தச் செருப்புச் சத்தம் யாருடையது என்று பூமாரிக்குத் தெரிந்தது. அது தெருவில் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆவுடையம்மாள் சொக்கம்மாளைப் பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை. சாயங்காலம் தலை பின்ன வா என்று கூப்பிடும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

"சொல்லு தாயி," என்றாள்.

சொக்கம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு ஐஸ் வேண்டாம்."

பூமாரி மூட்டையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். வளையல்கள் குலுங்கின. சொக்கம்மாளின் தோளுக்கு மேலாக, உள்ளே குனிந்திருந்த நரைத்த தலையைப் பார்த்தாள்.

"நாளைக்கு வரட்டா?"

சொக்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஆவுடையம்மாள் உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கும் வேண்டாம்," என்றாள் சொக்கம்மாள்.

அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.